காயம் கட்டிய கைகள் - 14: மூங்கில் ஊசி

மெல்போர்னில் செயின்ட் கில்டா சாலையை ஒட்டிய கிங்ஸ் டொமைன் பூங்காவில் ஒரு முதியவரின் வெண்கலச் சிலை நிற்கிறது. குதிரை இல்லை, வாள் இல்லை. கோட்டுப் போட்ட, சற்றே முன்சாய்ந்த உருவம். அறுவை மருத்துவர் சர் எட்வர்ட் டன்லப். ஊர் அவரை 'வியரி' என்றே அழைத்தது. டன்லப் என்றதும் டயர், டயரிலிருந்து 'டயர்டு', அதிலிருந்து 'வியரி', அதாவது களைத்தவன் என்று கல்லூரி நண்பர்கள் சூட்டிய பெயர். 1993 ஜூலையில் அவர் இறந்தபோது இறுதி மரியாதைக்காக மெல்போர்ன் தெருக்களில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் திரண்டார்கள்.

அவர் பேர்பெற்ற களம் ஒரு ரயில் பாதை. மலாயாத் தமிழர்கள் இன்றும் 'சயாம் மரண ரயில்' என்று சொல்கிறார்களே, அதே பாதை. தாய்லாந்தையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் போர்க்கைதிகளையும் ஆசியத் தொழிலாளர்களையும் கொண்டு 1942 நடுவில் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள்.

ஜாவாவில் ஜப்பானியரிடம் சிறைப்பட்ட டன்லப், 1943 ஜனவரியில் சுமார் 900 பேருடன் தாய்லாந்தின் கொன்யூ முகாமுக்கு வந்து சேர்ந்தார். மழை பிடித்ததும் காலரா வந்தது. காலராவில் ஆளைக் கொல்வது உடம்பின் நீர் வற்றிப்போவது. ஒரே நாளில் கண் குழிந்து, தோல் சுருங்கி, பக்கத்துப் பாயில் படுத்த நண்பனுக்கே அடையாளம் தெரியாமல் போகும். இழந்த நீரையும் உப்பையும் ரத்தக் குழாய் வழியாகத் திருப்பிக் கொடுத்தால் பலர் பிழைப்பார்கள். ஆனால் முகாமில் சலைன் இல்லை, ஊசியும் இல்லை.

கைதிகளில் இருந்த கைத்தொழிலாளிகள் மூங்கிலையும் கிடைத்த உலோகக் குழாய்களையும் கொண்டு வடிகலன் கட்டினார்கள். வடித்த நீரில் உப்பைக் கரைத்தார்கள். அது ஸ்டெதஸ்கோப்பின் ரப்பர் குழாயில் இறங்கி, சீவிக் கூராக்கிய மூங்கில் முனை வழியே ரத்தக் குழாய்க்குள் போனது. நம் ஊர் மருத்துவமனையில் 'குளுக்கோஸ் ஏற்றுவது' என்று சாதாரணமாகச் சொல்கிறோமே, அதைக் காட்டு மூங்கிலில் செய்திருக்கிறார்கள். இதைப் படித்த நாள் முதல், தொங்கும் சலைன் பாட்டிலை என்னால் பழைய கண்ணோடு பார்க்க முடிவதில்லை.

பர்மா பக்கத்தில் '55 கிலோமீட்டர்' முகாமில் ஆல்பர்ட் கோட்ஸ் இருந்தார். பல்லாரட்டில் பிறந்தவர், கலிப்போலியில் மருத்துவப் பணியாளாகப் போரைக் கண்டு, பிறகு படித்து மெல்போர்னில் அறுவை மருத்துவரானவர். காலில் மூங்கில் கீறினால் போதும். பட்டினி உடம்பில் அது எலும்பு தெரியும்வரை அழுகும். கூராக்கிய கரண்டியால் அழுகலைச் சுரண்டி எடுப்பார்கள், மயக்க மருந்து கிடையாது. அதற்கும் அடங்காத கால்களை வெட்டியாக வேண்டும். கோட்ஸ் சுமார் 120 கால்களை எடுத்தார். வான் பாக்ஸ்டல் என்ற டச்சு மருந்தாளுநர் அங்கேயே தயாரித்த கொக்கெயின் கரைசலை முதுகுத்தண்டில் செலுத்தி வலியை மரக்கச் செய்தார்கள்.

இந்தக் கைத்திறனைத்தான் எல்லாரும் புகழ்கிறார்கள். நான் அதிகம் மதிப்பது வேறொன்றை, முகாமின் ஒழுங்கை. கொதிக்கவைக்காத தண்ணீரை யாரும் தொடக்கூடாது. சாப்பிடும் முன் தட்டைக் கொதிநீரில் முக்க வேண்டும். கழிப்பறைக் குழி ஆழமாக இருக்க வேண்டும், மூடி இருக்க வேண்டும். சிறைப்பட்ட அதிகாரிகளின் சொற்பச் சம்பளத்தில் ஒரு பங்கை டன்லப் பொதுநிதிக்கு வாங்கினார். சிலர் முணுமுணுத்தார்கள், அவர் விடவில்லை. அந்தப் பணம் நோயாளிகளுக்கு வாத்து முட்டையானது, மருந்தானது. பூன் பாங் என்ற தாய் வணிகர் உயிரைப் பணயம் வைத்து ஆற்று வழியே மருந்து கடத்திக் கொடுத்தார். காலராக் கொட்டகைக்குள் மலம் அள்ளவும் வாய் துடைக்கவும் பணியாளர்கள் தாமாக முன்வந்தார்கள். பெண் செவிலியர் இல்லாத அந்தக் காட்டில் செவிலிப் பணி என்பது அதுதான்.

அதே ஆறு, அதே மழை, அதே காலரா. கூப்பிடு தூரத்தில் நம்மவர் முகாம்கள். ரப்பர் தோட்டங்களிலிருந்து கூலி ஆசை காட்டியும் மிரட்டியும் பிடித்துவந்த தமிழர்கள், சில இடங்களில் மனைவி மக்களோடு. அவர்களுக்கென்று மருத்துவர் அநேகமாக இல்லை. தண்ணீரைக் காய்ச்சு என்று அதட்ட ஓர் அதிகாரி இல்லை, முட்டை வாங்கப் பொதுநிதி இல்லை. வாந்திபேதி கண்டதும் மிரண்டு காட்டுக்குள் ஓடினார்கள், அங்கேயே விழுந்தார்கள். 1943-ல்தான் ஜப்பானியர், சிங்கப்பூர் சாங்கி போர்க்கைதி முகாமிலிருந்து மருத்துவர்களும் பணியாளர்களும் அடங்கிய 'கே', 'எல்' என்ற இரு குழுக்களைத் தொழிலாளர் முகாம்களுக்கு அனுப்பினார்கள். ஆஸ்திரேலியர்களும் அதில் இருந்தார்கள். இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 350 பேர். தொழிலாளர்களோ லட்சக்கணக்கில்.

சிட்னி மருத்துவர் ரவுலி ரிச்சர்ட்ஸ் பர்மா பக்க முகாம்களில் நோய்களையும் சாவுகளையும் ரகசியமாகக் குறித்துவந்தார். ஜப்பானுக்குக் கப்பலேற்றப்படும் முன் அதன் சுருக்கத்தைச் சிங்கப்பூரில் ஒரு கல்லறையில் புதைத்துவைக்க ஏற்பாடு செய்தார். 1944 செப்டம்பரில் கப்பல் தாக்கப்பட்டு மூழ்கியது. அவர் பிழைத்தார், கையில் இருந்த குறிப்புகள் போயின. புதைத்த சுருக்கம் போருக்குப் பின் கிடைத்தது. இப்படிப் பலர் எழுதி ஒளித்துவைத்ததால்தான், பாதையில் வேலை செய்த சுமார் 13,000 ஆஸ்திரேலியர்களில் இறந்த ஏறத்தாழ 2,800 பேருக்கும் பெயர்ப் பட்டியல் இருக்கிறது.

ஆசியத் தொழிலாளர்களின் சாவுக்கு 75,000 முதல் 90,000 வரை என்று ஒரு மதிப்பீடு சொல்கிறது. அந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் மட்டும் 15,000 பேர் இருக்கிறார்கள்.