காற்றைப் பிடித்து வைக்கும் சால்வை

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஹார்ட்ஃபோர்டு என்று ஓர் ஊர். அங்கே இறையியல் கல்லூரியில் படித்த ஜேனட் பிரிஸ்டோ, விக்டோரியா காலோ என்ற இருவர் 1998இல் ஒரு நல்ல வழக்கத்தைத் தொடங்கிவைத்தார்கள். நோயிலோ துயரத்திலோ இருப்பவருக்காகப் பிரார்த்தனை செய்தபடியே ஒரு சால்வை பின்னுவது, முடிந்ததும் அதை அவர் தோளில் போர்த்துவது. இன்று பல நாடுகளில் இதைச் செய்கிறார்கள். சில ஊர்களில் தோழிகள் பலர் சேர்ந்து ஒரே சால்வையைப் பின்னுவதும் உண்டு. ஒருத்தி சில வரிசைகள் பின்னிவிட்டு, ஊசியோடு அடுத்தவள் கையில் கொடுப்பாள்.

சால்வை நோயைத் தீர்க்காது. அதற்கு மருத்துவம்தான் வேண்டும். ஆனால் குளிரில் நடுங்கும் உடம்புக்கு அது செய்யும் உதவி உண்மையானது. நம் தசைகள் வேலை செய்யும்போது வெப்பம் பிறக்கிறது. படுக்கையிலேயே கிடப்பவருக்கு அது குறைந்துவிடும். உடம்பு மெலிந்தால் தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பும் கரையும். அதனால்தான் நமக்கு இதமாக இருக்கும் அறையிலும் அவருக்குக் குளிரெடுக்கிறது.

சால்வை வெப்பத்தை உண்டாக்குவதில்லை, இருக்கும் வெப்பத்தை வெளியே போகவிடாமல் காக்கிறது. காப்பது பெரும்பாலும் நூல்கூட இல்லை, காற்று! கம்பளி நூலாகும் செம்மறி ஆட்டு ரோமம் நேராக இருக்காது, சுருள் சுருளாக வளைந்திருக்கும். அந்த வளைவுகளுக்கு நடுவில் காற்று அசையாமல் மாட்டிக்கொள்கிறது. அசையாத காற்று வெப்பத்தை மிக மெதுவாகத்தான் கடத்தும். தண்ணீர் அதைவிட இருபது மடங்குக்கும் மேல் வேகமாகக் கடத்திவிடும். ஈரத்துணி உடம்பில் பட்டால் சில்லென்று இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். கம்பளிக்கோ இன்னொரு திறமையும் உண்டு: தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை இழைக்குள்ளே உறிஞ்சிக்கொள்ளும், தொட்டால் ஈரமே தெரியாது.

இனி பின்னலுக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். வீட்டில் வேண்டாத பழைய பனியன் இருந்தால் பெரியவர்களைக் கேட்டு ஒரு துண்டு வெட்டி வாங்குங்கள். திருப்பூர் பனியன் துணியும் பின்னல் துணிதான். மெல்லிய பருத்தி நூலில் இயந்திரம் பின்னியது. பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். வெளிப்பக்கம் சின்னச் சின்ன ‘V’ வடிவங்கள், உள்பக்கம் சின்னச் சின்ன வளைவுகள். நூல் வளையமான ஒரு கண்ணிக்குள் நுழைந்து அடுத்த கண்ணி, அதற்குள் இன்னொன்று. இப்போது துணியை இழுத்துவிடுங்கள். ஓரங்கள் சுருண்டுகொள்கின்றன, பார்த்தீர்களா? வளைத்த நூல் நிமிரப் பார்க்கிறது. எல்லாக் கண்ணிகளும் ஒரே பக்கம் பார்த்து வளைந்திருப்பதால் துணி முழுவதும் சேர்ந்து சுருள்கிறது.

சால்வை இப்படிச் சுருண்டால் தோளில் நிற்குமா? அதனால் பிரார்த்தனைச் சால்வைகள் பலவற்றில் மூன்று ‘நிட்’, மூன்று ‘பர்ல்’ என்று மாற்றி மாற்றிப் பின்னுகிறார்கள். ‘V’ தெரியும் கண்ணி நிட், அதையே பின்னாலிருந்து பார்த்தால் பர்ல். ஒன்று முன்பக்கம் இழுக்க, மற்றது பின்பக்கம் இழுக்க, இரண்டும் சமனாகித் துணி தட்டையாகக் கிடக்கிறது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருப்பதால் எப்படிப் போர்த்தினாலும் அழகுதான். அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தில் எலிசபெட்டா மாட்சுமோட்டோ என்ற இயற்பியலாளர் இந்தக் கண்ணிகளைத்தான் ஆராய்கிறார். ஒரே நூல்தான் என்றாலும், நிட்டும் பர்லும் அமையும் வரிசையை மாற்றினால் துணி எவ்வளவு இழுபடும் என்பதும் மாறிவிடுகிறது!

பல கைகள் பின்னும்போது ஒரு சிக்கல் வரும். ஒருத்தி நூலை இறுக்கிப் பிடிப்பாள், இன்னொருத்தி தளர்த்திப் பிடிப்பாள். இறுக்கினால் கண்ணி சிறிது, அந்த வரிசைகளில் அகலமும் குறையும். பின்னி முடித்ததும் கம்பளிச் சால்வையை நனைத்து, தட்டையாக விரித்துக் காயவைப்பார்கள். அப்போது நூல் ஒரு கண்ணியிலிருந்து அடுத்த கண்ணிக்குக் கொஞ்சம் நழுவும். ஏற்றத்தாழ்வு ஓரளவு சரியாகும்.

அதன் பிறகு அதை வெந்நீரில் போட்டு அலசிவிடக் கூடாது. ஆட்டு ரோமத்தின் மேல் மீன் செதில் போன்ற நுண்செதில்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. சூடும் ஈரமும் கசக்கலும் சேர்ந்தால் இழைகள் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். சால்வை சுருங்கித் தடித்துவிடும், பிறகு விரியாது. நோயாளியின் துணியை அடிக்கடி துவைக்க வேண்டியிருக்குமே! ஆகவே பலர் இயந்திரத்தில் துவைக்கக்கூடிய அக்ரிலிக் என்ற செயற்கை நூலைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதில் செதில் கிடையாது. ஆனால் ஆலையிலேயே அந்த இழைகளுக்கும் சுருள் கொடுத்துவிடுகிறார்கள், அதனால் அவையும் காற்றைப் பிடித்து வைக்கும்.