முகத்தில் முடி: எந்த மருந்து கேட்கும்?

"டாக்டர், கல்யாணமாகாத பொண்ணுக்குக் கருத்தடை மாத்திரை எழுதிட்டாங்களே!" என்று பதறி வந்தார் ஒரு தாய். மகளுக்குத் தாடையில் முடி, மாதவிலக்கும் தள்ளிப்போகிறது. சினைப்பையில் நீர்க்கட்டி.

நான் சித்த மருத்துவன்தான். ஆனாலும் சொன்னேன்: "பயப்படாதீங்கம்மா, முதலில் கொடுப்பதே அதுதான்." ஆண்தன்மை ஹார்மோனை அது குறைக்கும், விலக்கும் சீராகும். ரத்தம் உறையும் கோளாறு, ஒற்றைத் தலைவலி இருந்தால் முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

6 மாதத்தில் பலன் போதாவிட்டால் ஸ்பைரனோலாக்டோன் சேர்ப்பார்கள். அந்த ஹார்மோன் முடிவேரில் வேலை செய்யாமல் இது தடுக்கும். இதைச் சாப்பிடும்போது கர்ப்பம் கூடவே கூடாது. ஆண் சிசுவின் பிறப்புறுப்பு வளர்ச்சி பாதிக்கப்படலாம். மெட்பார்மின் விலக்குக்கு உதவும். முடிக்கு அவ்வளவாகக் கேட்காது. எஃப்லார்னிதின் களிம்பு முகத்து முடி வளர்ச்சியை மெதுவாக்கும், நிறுத்தினால் பழையபடிதான். நம்ம கஸ்தூரி மஞ்சள்? மேல்பூச்சோடு சரி; ஹார்மோனைத் தொடாது.

மாத்திரை எதுவானாலும் 6 மாதமாவது பொறுக்க வேண்டும். முளைத்த முடி உதிர்ந்து, அடுத்தது மெலிந்து வர அவ்வளவு நாளாகும். இரண்டே மாதத்தில் 'கேட்கலை' என்று நிறுத்திவிடாதீர்கள்.

ஆனால் முடி திடீரென்று மளமளவென வளர்ந்து, குரலும் தடித்தால் காத்திருக்கக் கூடாது. கட்டி ஏதும் இருக்கிறதா என்று உடனே பரிசோதித்துவிடுங்கள்.