ஒரு வாளித் தண்ணீரின் மூச்சு

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், கடனா நதிப் பாசனத்தில் இருக்கிறது ஆழ்வார்குறிச்சி. வைக்கோல், வாழைச்சருகு, சாணி மூன்றுக்கும் இங்கே பஞ்சமில்லை. மூன்றையும் குழியில் அடுக்கி, ஈரம் காயாமல் பார்த்து, இடையிடையே கிளறிவிட்டால் சில மாதங்களில் சூடு அடங்கி, மழை நனைத்த மண்ணின் வாசத்தோடு கறுப்பு உரம் கிடைக்கும். அதில் ஒரு சிட்டிகை எடுத்தாலே பாக்டீரியாக்கள் மட்டும் கோடிக்கணக்கில் இருக்கும். அவற்றோடு பூஞ்சை இழைகளும், ஒரு செல் உயிர்களான புரோட்டோசோவாக்களும், கண்ணுக்குத் தெரியாத நூற்புழுக்களும் உண்டு. இந்தக் கூட்டத்தைத் தண்ணீரில் இறக்கி வேருக்கும் இலைக்கும் கொண்டு சேர்ப்பதுதான் கம்போஸ்ட் டீ எனப்படும் மக்கு உரக் கரைசல்.

வெறும் தழை, மணி, சாம்பல் சத்தாகக் கணக்குப் பார்த்தால் இந்தக் கரைசலில் இருப்பது சொற்பம். செடியை வளர்க்கும் அளவுக்கு அதில் நைட்ரஜன் கிடையாது. அதன் வேலை வேறு வகை. செடி தான் தயாரிக்கும் சர்க்கரையில் ஒரு பங்கை வேர் வழியாக மண்ணில் கசியவிடுகிறது. அந்த இனிப்புக்குப் பாக்டீரியாக்கள் வேரைச் சுற்றி மொய்க்கின்றன. வேரை ஒட்டிய இந்த உயிர்மண்டலத்துக்கு ‘ரைசோஸ்பியர்’ என்று 1904-இல் பெயர் வைத்தவர் ஜெர்மானிய அறிவியலாளர் லோரன்ஸ் ஹில்ட்னர். பாக்டீரியாக்கள் மண்ணிலுள்ள நைட்ரஜனை உண்டு தம் உடம்பில் பூட்டி வைத்துக்கொள்கின்றன. அவற்றைத் தின்ன வரும் புரோட்டோசோவாக்களுக்கு அவ்வளவு நைட்ரஜன் தேவைப்படுவதில்லை. மிஞ்சியதை அம்மோனியமாகக் கழித்துவிடுகின்றன, அதுவும் வேரின் வாசலிலேயே. செடி சர்க்கரையைக் கொடுத்து நைட்ரஜனை வாங்கிக்கொள்கிறது, நடுவில் ஒரு வேட்டை நடக்கிறது. கத்தரிச் செடியின் தூரில், ஒரு கைப்பிடி மண்ணுக்குள், இரவும் பகலும் ஓயாமல் நடக்கிற காரியம் இது.

கரைசல் தயாரிக்கும் முறை எளிது. ஒரு பங்கு உரத்தைத் துணியில் தளர்வாகக் கட்டி, ஐந்து முதல் பத்துப் பங்கு தண்ணீரில் தொங்கவிட வேண்டும். குழாய்த் தண்ணீராக இருந்தால் முந்தின நாளே பிடித்துத் திறந்து வைப்பது நல்லது, குளோரின் பெரும்பாலும் பறந்துவிடும். மீன் தொட்டிக்குப் போடும் சிறிய மோட்டாரால் அடியிலிருந்து காற்றைக் குமிழிவிட வேண்டும். வெளிநாட்டுக் கையேடுகள் பெரும்பாலும் 24 முதல் 48 மணி நேரம் ஊறவிடச் சொல்கின்றன. அந்தக் கணக்கை நெல்லைச் சீமையில் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். தண்ணீர் சூடாக ஆக, அதில் கரையும் ஆக்சிஜன் குறையும். 10 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 11 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும், 20 டிகிரியில் சுமார் 9, 30 டிகிரியில் ஏழரைதான். நுண்ணுயிர்களின் பசியோ எதிர்த்திசையில் போகிறது. சூடு 10 டிகிரி ஏறினால் அவை மூச்சுவிடும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. வரவு குறைந்து செலவு கூடினால் சித்திரை வெயிலில் நிற்கும் வாளியின் கதி என்னவாகும்? காற்று போதாமல் போக, காற்றில்லாமல் பிழைக்கும் வகைகள் தலையெடுக்கும். அழுகல் நாற்றம் வரும். அப்படி நாறும் கரைசலை இலையில் தெளிக்கக் கூடாது. நிழலில் வைத்து, உரத்தைக் குறைத்துப் போட்டு, ஒரு நாளுக்குள் முடித்துக்கொள்வதுதான் நம் ஊர்ச் சூட்டுக்குச் சரிவரும். மோட்டாரை நிறுத்தியதும் சில மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும்.

கருப்பட்டி சேர்த்தால் கரைசல் பொங்கி வருவதைப் பலர் பெருமையாகச் சொல்வார்கள். பொங்குவது உண்மைதான். இனிப்பு கிடைத்ததும் வேகமாகப் பெருகும் பாக்டீரியாக்கள் இருக்கிற ஆக்சிஜனை உறிஞ்சித் தீர்த்துவிடுகின்றன. உரத்தில் அரைகுறையாக மக்கிய சாணி இருந்தால், அதிலுள்ள ஈ.கோலை போன்ற குடல் கிருமிகளுக்கும் அதே இனிப்பு விருந்து. அமெரிக்காவில் மக்கு உரக் கரைசலுக்கென அமைக்கப்பட்ட குழு 2004-இல் கொடுத்த அறிக்கையும் இனிப்பூட்டம் சேர்த்த கரைசல்களைச் சோதிக்காமல் பயன்படுத்தக் கூடாது என்றுதான் சொன்னது. புதினா, கொத்தமல்லி போலப் பச்சையாகச் சாப்பிடும் இலைகளில் இதைத் தெளிக்க வேண்டாம். மண்ணில் ஊற்றலாம், அதுவும் பறிக்கும் நாள் நெருங்கும்போது வேண்டாம்.

இந்த மூச்சுப் பிரச்சினைக்கு மோட்டார் இல்லாத ஒரு விடை தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. சென்னை நியூ கல்லூரியில் பணியாற்றிய மண் உயிரியல் அறிஞர் சுல்தான் அகமது இஸ்மாயில் பரப்பிய ‘வெர்மிவாஷ்’ முறை அது. அடியில் குழாய் பொருத்திய பீப்பாயில் முதலில் உடைத்த செங்கல் அல்லது ஜல்லி, அதன்மேல் மணல், அதன்மேல் மண். மண்ணில் நம் நாட்டு மண்புழுக்கள்: ஆழத்தில் வளை தோண்டும் லாம்பிட்டோ மௌரிட்டி, மேலாக மேயும் பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸ். அவற்றின் மேல் சாணியும் வைக்கோலும். இரண்டு மூன்று வாரம் குழாயைத் திறந்தே வைத்து, தினமும் தண்ணீர் தெளித்துப் புழுக்களைப் பழக்க வேண்டும். பிறகு ஒரு மாலையில் குழாயை மூடி, அடியில் துளையிட்ட பானையை மேலே தொங்கவிட்டுத் தண்ணீர் நிரப்பினால் இரவெல்லாம் சொட்டுச் சொட்டாக இறங்கும். புழு வளைகளின் சுவரை நனைத்து, அங்கே படிந்திருக்கும் சளியையும் நொதிகளையும் கரையும் சத்துகளையும் வாரிக்கொண்டு, காலையில் குழாயைத் திறந்தால் இளம் பழுப்பு நிறத்தில் வடியும். மெல்லிய படலமாக இறங்குவதால் தண்ணீருக்கு வழியெல்லாம் காற்று கிடைக்கிறது. கரண்டு போனாலும் கவலையில்லை. நம் வெப்பத்துக்கு இதுவே பொருத்தம் என்பேன். ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு வரை தண்ணீர் கலந்து தெளிக்கலாம்.

மக்கு உரக் கரைசல் நோயைத் தடுக்குமா என்றால் பதில் ஒரே மாதிரி வருவதில்லை. ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்தில் வெல்ட்சீன் என்ற அறிஞர் 1980-களில் மக்கு உரச் சாற்றைக் கொண்டு திராட்சையின் அடிச்சாம்பல் நோயைக் கட்டுப்படுத்திக் காட்டினார். அவருடைய சாறு காற்று ஊதாமல் பல நாள் ஊறவைத்தது என்பதையும் சொல்ல வேண்டும், காற்று ஒன்றே எல்லாவற்றையும் தீர்மானிப்பதில்லை. இலையில் படியும் நல்ல நுண்ணுயிர்கள் இடத்தையும் உணவையும் பிடித்துக்கொள்கின்றன, சில கிருமிக்கொல்லிகளைச் சுரக்கின்றன, சில செடியின் எதிர்ப்பையே தட்டி எழுப்புகின்றன. ஆனால் வேறு பல வயல் சோதனைகளில் வெறும் தண்ணீருக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. உரத்துக்கு உரம் அதன் உயிர்க்கூட்டம் மாறுகிறது, வாளிக்கு வாளி கரைசலும் மாறுகிறது. ஆழ்வார்குறிச்சியில் மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் அறிவியல் மையம் இருக்கிறது. இந்த வட்டாரத்துக் குப்பைக்குழிகளின் கரைசலில் ஒவ்வொரு துளியை எடுத்து அங்கே நுண்ணோக்கியில் பார்த்துப் பதிந்து வைத்தால், எந்த உரம் எந்தப் பயிருக்கு ஒத்துவருகிறது என்று ஊர்க்காரர்களுக்கே தெரியவரும். அந்த வேலை நடக்க வேண்டும் என்று மிகவும் ஆசைப்படுகிறேன்.

தெளிப்பதானால் வெயில் தாழ்ந்த பிறகு தெளியுங்கள். புற ஊதாக் கதிரும் வறட்சியும் இலைமேல் விழுந்த பாக்டீரியாக்களைச் சீக்கிரம் கொன்றுவிடும். இலையின் அடிப்பக்கமும் நனைய வேண்டும், இலைத்துளைகள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கின்றன. தெளிப்பானின் முனை அடைத்துக்கொள்ளாமல் இருக்க வேட்டித் துணியில் இரண்டு முறை வடிகட்டுங்கள். துணியில் மிஞ்சும் சக்கையை வீசிவிடாமல் வாழைத் தூரில் போட்டு மண் அணையுங்கள். உரத்தின் சத்தில் பெரும்பங்கு இன்னும் அதில்தான் இருக்கிறது.