மூளை இரத்தக்குழாய் அழற்சி: கண்டறிவது எவ்வாறு?

நீங்காத தலைவலி, மறதி, மனக்குழப்பம், பக்கவாதம் ஆகியவற்றுக்கு மூளையின் இரத்தக்குழாய் அழற்சியும் அரிதாகக் காரணமாகலாம். அமெரிக்க ஆய்வொன்றின்படி, ஆண்டுதோறும் 10 இலட்சம் பேரில் ஏறத்தாழ 2 பேருக்கே இது வருகிறது.

இதனை உறுதிசெய்யும் தனி இரத்தப் பரிசோதனை இல்லை. எம்.ஆர்.ஐ. பாதிப்பைக் காட்டும், காரணத்தை உறுதிப்படுத்தாது. ஆஞ்சியோகிராமில் குழாய்கள் குறுகித் தெரிந்தாலும், ஏறத்தாழ 3 மாதங்களில் தானே சீராகும் தற்காலிகச் சுருக்கமும் அவ்வாறே தோன்றும். தண்டுவட நீர்ப் பரிசோதனை காசநோய் முதலிய தொற்றுகளைப் பிரித்தறிய உதவும். மூளைத் திசுப் பரிசோதனையே வலுவான சான்று. எனினும் அழற்சி திட்டுத்திட்டாகப் பரவுவதால் அதிலும் தவறக்கூடும்.

ஸ்டீராய்டு அழற்சியைத் தணிக்கும். தொற்று இருப்பின் அதனை முற்றச் செய்யலாம். ஆகவேதான் மருத்துவர்கள் பல சோதனைகளை வேண்டுகின்றனர். அறிக்கைகளையும் படங்களையும் வங்கிக் கணக்கேட்டைப் போலத் தேதிவாரியாகப் பாதுகாத்து வையுங்கள். பேச்சுக் குழறலோ, கை கால் தளர்ச்சியோ திடீரெனத் தோன்றினால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.