பெயர் ஒரு பக்கம், ஒய் ஒரு பக்கம்

ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பிரையன் சைக்ஸ் என்றொரு மரபியல் விஞ்ஞானி இருந்தார். அவருக்குத் தன் பெயர்மீதே ஒரு கேள்வி. ‘சைக்ஸ்’ என்ற குடும்பப் பெயரை வைத்துக்கொண்டு இங்கிலாந்தில் எத்தனையோ பேர் இருக்கிறார்களே, இவர்கள் எல்லாரும் ஒரே ஆளின் வழிவந்தவர்களா, இல்லை பெயர் மட்டும்தான் ஒன்றா? வாயால் கேட்டால் யாருக்கும் பதில் தெரியாது. அதனால் முன்பின் அறிமுகமில்லாத சைக்ஸ்களுக்குத் தபாலில் ஒரு சின்னப் பிரஷ் அனுப்பினார். கன்னத்தின் உட்பக்கத்தை அதால் லேசாகத் தேய்த்துத் திருப்பி அனுப்பவேண்டும், அவ்வளவுதான். ஒட்டிக்கொண்டு வரும் செல்களில் டி.என்.ஏ. இருக்கும்.

48 ஆண்களின் மாதிரிகளைச் சோதித்தார். 21 பேருக்கு, அவர் பார்த்த இடங்களில் எல்லாம் ஒய் குரோமோசோம் ஒன்றுபோலவே இருந்தது. ஏறக்குறைய பாதிப் பேர்! அவர்களெல்லாம் எப்போதோ வாழ்ந்த ஒரே சைக்ஸின் வழிவந்தவர்கள் என்று 2000-ஆம் ஆண்டு எழுதினார். சரி, மற்ற 27 பேர்? சுவாரசியமே அவர்களிடம்தான் இருக்கிறது. அதைப் பார்ப்பதற்கு சைக்ஸ் குடும்பத்தைவிடப் பெரிய குடும்பம் ஒன்று வேண்டும். ஸ்காட்லாந்துக்குப் போவோம். அங்கே மெக்டொனால்டுகள் இருக்கிறார்கள்.

முதலில் ஒய் பற்றி இரண்டு வார்த்தை. நம் செல் ஒவ்வொன்றிலும் 23 ஜோடி குரோமோசோம்கள். ஒரு ஜோடியில் ஒன்று அம்மா தந்தது, மற்றது அப்பா தந்தது. அடுத்த தலைமுறைக்குப் போகுமுன் ஜோடிகள் தமக்குள் துண்டுகளை மாற்றிக்கொள்ளும். ஆகவே நம்மிடம் இருக்கும் குரோமோசோம் தாத்தாவிடம் இருந்தபடியே வருவதில்லை, கலைந்துதான் வருகிறது. ஒய் மட்டும் விதிவிலக்கு. அது ஆண்களிடம் மட்டும், அதுவும் ஒற்றையாக இருப்பதால், இரண்டு முனைகளைத் தவிர மற்ற இடங்களில் யாருடனும் எதையும் மாற்றிக்கொள்வதில்லை. அப்பாவிடமிருந்து மகனுக்கு அப்படியே போகிறது. மகள்களுக்குப் போவதே இல்லை.

அப்படியே என்றேன், முழுக்க அப்படியே இல்லை. ஒய்யில் சுமார் 6 கோடியே 20 லட்சம் ‘எழுத்துகள்’. 2023-இல்தான் கடைசி எழுத்துவரை படித்து முடித்தார்கள். இவ்வளவையும் ஒவ்வொரு தலைமுறையிலும் நகலெடுக்கும்போது எங்கேனும் ஓர் எழுத்து பிறழும். இதற்குச் சடுதி மாற்றம் என்று பெயர். பழைய காலத்தில் ஏட்டைப் பார்த்து ஏடு எழுதியவர்கள் செய்த பிழைகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு சுவடியில் விழுந்த பிழை அதைப் பார்த்து எழுதிய எல்லாச் சுவடியிலும் தொடரும். ஒரே பிழை இரண்டு சுவடிகளில் இருந்தால் இரண்டுக்கும் மூலம் ஒன்று. பதிப்பாசிரியர்கள் சுவடிகளை இப்படித்தான் உறவுபடுத்துவார்கள், விஞ்ஞானிகள் ஒய்களை உறவுபடுத்துவதும் இப்படியே. பிழைகளின் எண்ணிக்கையை வைத்து, பொது மூதாதை ஏறக்குறைய எப்போது வாழ்ந்தார் என்றும் கணக்குப் போடலாம்.

இனி மெக்டொனால்டு. ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலில் ஹெப்ரிடீஸ் என்ற தீவுக்கூட்டம் இருக்கிறது. 12-ஆம் நூற்றாண்டில் அங்கே சோமர்லெட் என்றொருவர் தலையெடுத்தார். துடுப்பும் பாயும் கொண்ட நீளப் படகுகள்தான் அவர் பலம். 1156-இன் தொடக்கத்தில், மான் தீவு மன்னனை இரவுக் கடற்போரில் எதிர்த்துத் தீவுகளில் பாதியைப் பிடுங்கினார். 1164-இல் ஸ்காட்லாந்து அரசரோடு மோதப்போய் ரென்ஃப்ரூ என்ற இடத்தில் கொல்லப்பட்டார். அவருடைய மகன்களில் ஒருவர் டூகல், இன்னொருவர் ரேனால்ட். ரேனால்டின் மகன் டொனால்டு. நம் கதைக்குப் பெயர் கொடுத்த டொனால்டு இவர்தான்.

‘மெக்’ என்றால் அவர்களுடைய கேலிக் மொழியில் மகன். உங்கள் பெயருக்கு முன்னால் அப்பா பெயரின் முதலெழுத்து நிற்கிறதில்லையா? அப்பா பெயருக்கு முன்னால் தாத்தாவின் எழுத்து. தலைமுறைக்குத் தலைமுறை அது மாறும். கேலிக் வழக்கமும் முதலில் அப்படித்தான். டொனால்டின் மகன் ஆங்கஸ் என்றால் அவன் ‘மெக் டொனால்டு’, ஆங்கஸின் மகன் ‘மெக் ஆங்கஸ்’. ஆனால் பெரிய மூதாதை ஒருவரின் பெயர் அதிகாரத்தோடு ஒட்டிக்கொண்டுவிட்டால் அதை விடுவதற்கு யாருக்கு மனம் வரும்? டொனால்டின் கொள்ளுப்பேரன்களும் எள்ளுப்பேரன்களும் தங்களை டொனால்டின் மக்கள் என்றே சொல்லிக்கொண்டார்கள். அப்படி முதலெழுத்து குடும்பப் பெயராக உறைந்துவிட்டது. டூகலின் கிளை மெக்டூகல் ஆனது. டொனால்டின் ஒரு மகன் அலிஸ்டர், அவர் கிளை மெக்அலிஸ்டர். ஆக, பெயர் வேறு வேறாக இருந்தாலும் மூன்று குலங்களுக்கும் மூலம் சோமர்லெட். (பெண்களுக்கு கேலிக்கில் ‘மெக்’ கிடையாது, ‘நிக்’. ஆங்கிலத்தில் எழுதும்போது அந்த வேறுபாடு காணாமல் போயிற்று.)

இவர்களின் தலைமையிடம் ஐலா என்ற தீவில், ஃபின்லாகன் என்ற சிறிய ஏரிக்குள் இருந்தது. ஏரியில் பெரிதாக ஒரு திட்டு, சிறிதாக ஒரு திட்டு. பெரியதில் மண்டபமும் வீடுகளும், சிறியதில் ஆலோசனை சபை. அங்கே உட்கார்ந்துதான் தீவுகளின் வழக்குகளைத் தீர்த்தார்கள். இன்று இடிந்த சுவர்களும் செதுக்கிய கல்லறைப் பலகைகளும் மிஞ்சியிருக்கின்றன. ‘தீவுகளின் தலைவர்’ என்ற பட்டத்தோடு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் செழித்தவர்களிடமிருந்து, 1493-இல் ஸ்காட்லாந்து அரசு அந்தப் பட்டத்தைப் பறித்துக்கொண்டது. தலைமை போனாலும் கிளைக் குலங்கள் இருந்தன, பெயரும் இருந்தது.

சைக்ஸ் இந்தக் குலங்களின் பக்கம் திரும்பினார். சோமர்லெட்டின் எலும்பைத் தேடி யாரும் தோண்டவில்லை. வம்சாவளி நன்றாகத் தெரிந்த குலத் தலைவர்கள் ஐந்து பேரின் டி.என்.ஏ.வை வாங்கிப் பார்த்தார்கள். எண்ணூறு ஆண்டுகளில் விழக்கூடிய சில்லறைப் பிழைகளைத் தவிர ஐந்து பேரின் ஒய்யும் ஒன்று! காகிதத்தில் இருந்த வம்சாவளியை ரத்தம் ஒப்புக்கொண்டது. அதே ஒய் சாதாரண மெக்டொனால்டு, மெக்டூகல், மெக்அலிஸ்டர் ஆண்கள் பலரிடமும் கிடைத்தது.

இன்னொரு விஷயத்தில் காகிதம் தோற்றது. சோமர்லெட்டின் முன்னோர் அயர்லாந்தின் பழைய அரசர்கள் என்று குலப் புலவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பாடிவந்தார்கள். ஆனால் கிடைத்த ஒய் ஆர்1ஏ என்ற வகை, அதிலும் வடக்கு ஐரோப்பியக் கிளை. அது அயர்லாந்தில் அரிது, நார்வேயில் தாராளம். அதாவது சோமர்லெட்டின் அப்பா வழி, கடலோடி வந்த வைக்கிங்குகளிடம் போய் முடிகிறது. புலவர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் சொல்லமாட்டேன். தீவுகளில் கேலிக் பேசிய மக்களும் நார்வேக்காரர்களும் முந்நூறு ஆண்டுகளாகக் கலந்து வாழ்ந்தவர்கள். தவிர, ஒய் சொல்வது ஒரே ஒரு கோட்டின் கதை. சோமர்லெட்டுக்கும் இன்றைய மெக்டொனால்டு ஒருவருக்கும் இடையே சுமார் 28 தலைமுறை என்று வையுங்கள். அப்பா, அம்மா இரண்டு பேர், அவர்களின் பெற்றோர் நான்கு பேர் என்று இரட்டித்துக்கொண்டே போனால் 28-ஆம் படியில் 26 கோடிக்கு மேல் மூதாதை இடங்கள் வரும். அந்தக் காலத்து ஸ்காட்லாந்தில் அத்தனை பேர் ஏது? ஒரே ஆட்கள் பல இடங்களில் திரும்பத் திரும்ப வருகிறார்கள் என்று பொருள். ஒய் வருவது அந்த 26 கோடி இடங்களில் ஒரே ஓர் இடத்திலிருந்து.

இப்போது அந்த 27 சைக்ஸ்கள் பற்றிய கேள்விக்கு வருவோம். மெக்டொனால்டுகளிலும் பெரும்பாலோரிடம் சோமர்லெட்டின் ஒய் இல்லை. ஏன்?

ஸ்காட்லாந்தின் மலைநாட்டில் சாதாரண உழவர்களுக்கு வெகுகாலம் நிலையான குடும்பப் பெயரே கிடையாது. 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் குத்தகைப் பட்டியலிலும் தேவாலயப் பதிவேட்டிலும் பட்டாளத்திலும் பெயர் கேட்டபோது, யாருடைய நிலத்தில் உழுதார்களோ அந்தத் தலைவரின் பெயரைச் சொன்னார்கள். தலைவருக்கும் நல்லது, குலம் பெரிதாகத் தெரியும். ஃபிரேசர் குலத்தைப் பற்றி ஒரு கதை உண்டு: மாவு மூட்டை ஒன்று கொடுத்துப் பக்கத்துக் குடும்பங்களைத் தங்கள் பெயருக்கு மாற்றினார்களாம். தத்தெடுத்த பிள்ளைகள் உண்டு, அம்மாவின் பெயரை எடுத்தவர்கள் உண்டு. பெயரை விட்டே ஓடியவர்களும் உண்டு. 1603-இல் மெக்கிரெகர் என்ற பெயருக்கே அரசு தடை போட்டது, அந்தப் பெயரை வைத்திருந்தால் மரண தண்டனை! நடுவில் ஒருமுறை நீக்கி, மறுபடி விதித்து, 1774-இல்தான் தடையை அடியோடு எடுத்தார்கள். அதுவரை மெக்கிரெகர்கள் அக்கம்பக்கத்துக் குலப் பெயர்களில் ஒளிந்து வாழ்ந்தார்கள். பெயரை மாற்றிக்கொள்ளலாம், ஒய்யை எப்படி மாற்றுவது?

அப்படியானால் சோமர்லெட்டின் ஒய் மட்டும் இவ்வளவு பரவியது எப்படி? இதை வீட்டிலேயே ஆடிப் பார்க்கலாம். ஒரு தாளில் 20 பெயர்களை எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் ஓர் ஆண். ஒவ்வோர் ஆணுக்கும் இரண்டு நாணயங்களைச் சுண்டுங்கள். இரண்டும் தலை என்றால் இரண்டு மகன்கள், ஒன்று தலை என்றால் ஒரு மகன், தலையே இல்லையென்றால் மகன் இல்லை, அந்தப் பெயர் அங்கே நின்றது. பிறந்த மகன்களுக்கும் இதேபோல் சுண்டுங்கள். ஐந்து தலைமுறை முடியும்போது 20 பெயர்களில் சராசரியாக 12 அழிந்துபோயிருக்கும். யாரும் யாரையும் கொல்லவில்லை, போர் இல்லை, பஞ்சம் இல்லை, வெறும் நாணயம்தான்! இங்கிலாந்தில் கால்டன் என்ற விஞ்ஞானியும் வாட்சன் என்ற பாதிரியாரும் 1874-இல் இந்தக் கணக்கை எழுதினார்கள், குடும்பப் பெயர்கள் ஏன் மறைகின்றன என்ற கேள்விக்காகவே. இப்போது ஆட்டத்தை மாற்றுங்கள். ஒரு பெயருக்கு மட்டும் தொடக்கத்திலேயே ஐந்து மகன்களைக் கொடுங்கள். அது எளிதில் சாகாது. நிலமும் படையும் இருந்த தலைவனின் மகன்களுக்குக் கிடைத்த சலுகை அதுதான்.

தீவுகளைத் தாண்டி இந்தப் பெயர் போனது பெரும்பாலும் துயரத்தில். 1746-இல் கலோடன் போரில் மலைநாட்டார் தோற்றார்கள். அதன் பிறகு வாடகை ஏறியது. நிலக்காரர்கள் குடியானவர்களை வெளியேற்றி அந்த இடத்தில் ஆடு மேய்த்தார்கள். 1772-இல் ‘அலெக்சாண்டர்’ என்ற கப்பலில் சுமார் 210 பேர் கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவுக்குப் போனார்கள். அவர்களை அனுப்ப ஏற்பாடு செய்தவரே ஒரு மெக்டொனால்டு. கிளாஸ்கோவில் பிறந்து சிறுவனாகக் கப்பலேறிய ஜான் மெக்டொனால்டு 1867-இல் கனடாவின் முதல் பிரதமர் ஆனார். உலகமெங்கும் பெயர்ப்பலகை வைத்த அந்த பர்கர் கடைச் சகோதரர்களின் பெற்றோர் அயர்லாந்திலிருந்து அமெரிக்கா வந்தவர்கள். (‘மெக்’கைச் சுருக்கி எழுதினால் அயர்லாந்து, நீட்டி எழுதினால் ஸ்காட்லாந்து என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். நம்பாதீர்கள், அது எழுதியவரின் கைவாக்கு.) கரீபியன் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக வைக்கப்பட்டவர்கள்மீது முதலாளிகளின் ஸ்காட்லாந்துப் பெயர்கள் சுமத்தப்பட்டன. அங்கே பெயர் உறவைக் காட்டவில்லை, உடைமையைக் காட்டியது.

பிரான்சிலும் ஒரு மெக்டொனால்டு உண்டு. 1746-இல் கலோடனில் தோற்று ஓடிய இளவரசர் சார்ல்ஸ், வேலைக்காரப் பெண்ணின் உடையில் ஃபுளோரா மெக்டொனால்டு என்ற பெண்ணோடு படகேறித் தப்பினார். கூடப் போனவர் நீல் மெக்எக்கன். பின்னர் பிரான்சுக்குப் போய் மெக்டொனால்டு என்றே பெயர் வைத்துக்கொண்டார். அவர் மகன் எத்தியென், நெப்போலியனின் படைத் தளபதியாகி, 1809-இல் வாக்ராம் போர்க்களத்திலேயே மார்ஷல் பட்டம் வாங்கினார். வேடிக்கை என்னவென்றால், மெக்எக்கன்களே மெக்டொனால்டு குலத்தின் ஒரு கிளை. அவர் புதுப் பெயர் வைக்கவில்லை, பழையதற்குத் திரும்பினார்.

எனக்குப் பிடித்தவர் ரேனால்ட் மெக்டொனால்டு. அப்பா ஸ்காட்லாந்தின் கிளென்கோவில் பிறந்து அமெரிக்காவின் மேற்குக் கரைக்குத் தோல் வியாபாரத்துக்குப் போனவர். அம்மா அங்கே வாழ்ந்த சினூக் மக்களின் தலைவர் காம்காம்லியின் மகள். 1824-இல் பிறந்த ரேனால்டிடம் இருந்த ஒய் ஸ்காட்லாந்திலிருந்து வந்தது. அம்மா வழியாக மட்டுமே இறங்கும் மைட்டோகாண்டிரியா டி.என்.ஏ. கொலம்பியா ஆற்றங்கரையிலிருந்து வந்தது. 1848-இல், வெளிநாட்டார் நுழையக் கூடாது என்று ஜப்பான் கதவடைத்திருந்த காலத்தில், இவர் ஒரு திமிங்கில வேட்டைக் கப்பலிலிருந்து சின்னப் படகில் இறங்கி, கப்பல் உடைந்து கரையொதுங்கியவர்போல் நடித்து உள்ளே போனார். பிடித்து நாகசாகியில் வைத்தார்கள். அங்கே அறைக்குள் இருந்தபடியே ஜப்பானிய மொழிபெயர்ப்பாளர்கள் 14 பேருக்கு ஆங்கிலம் கற்றுக்கொடுத்தார். 1854-இல் அமெரிக்கக் கடற்படையோடு ஜப்பான் பேச்சு நடத்தியபோது மொழிபெயர்த்தவர்களில் அவருடைய மாணவரும் இருந்தார்.

கனடாவின் கேப் பிரெட்டன் தீவில் ஹெப்ரிடீஸ்காரர்கள் ஏராளமாகக் குடியேறினார்கள். சில ஊர்களில் எங்கே திரும்பினாலும் மெக்டொனால்டுதான், அதிலும் ஜான், டொனால்டு, ஆங்கஸ் என்று நாலைந்து பெயர்களே சுற்றிச் சுற்றி வரும். குடும்பப் பெயர் சொல்லி அங்கே ஒருவரைத் தேட முடியாது. ஆகவே கேலிக் பேசியவர்கள் பழைய வழிக்கே போய், தன் பெயர், அப்பா பெயர், தாத்தா பெயர் என்று அடுக்கினார்கள். அதுவும் போதாதபோது முடியின் நிறம், தொழில், உயரம் என்று பட்டப்பெயர் சேர்த்தார்கள். தபால்காரர் வீட்டைக் கண்டுபிடிக்கவேண்டுமென்றால், செந்தலை ராரியின் பேரன் கொல்லன் ஜானின் மகன் ஆங்கஸ் என்பதுபோல முழுதாகச் சொல்லவேண்டியிருந்தது.