மலைப்பாதையில் மிதிவண்டி

மிதிவண்டியைச் சமநிலத்தில் மட்டும் ஓட்டிப் பழகியவர், மேட்டுப்பாளையத்தை அடுத்த கல்லாற்றைக் கடந்ததும் ஒரு புதுமையை உணர்வார். அதுவரை மிதிப்பதை நிறுத்தினாலும் வண்டி சிறிது தூரம் தானே ஓடிற்று. இங்கோ மிதிப்பதை நிறுத்திய சில நொடிகளில் வண்டி நின்றுவிடுகிறது. நிற்பதோடு அமையாமல் பின்னோக்கி உருளவும் முற்படுகிறது. நீலகிரி மலை தன் கணக்கைத் தொடங்கும் இடம் இதுவே.

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 325 மீட்டர் உயரத்தில் உள்ளது. குன்னூரின் உயரம் ஏறத்தாழ 1,850 மீட்டர். உதகமண்டலத்தின் உயரம் 2,240 மீட்டர். மேட்டுப்பாளையத்தையும் குன்னூரையும் இணைக்கும் சாலை, குன்னூர் ஆறு அறுத்துச் சென்ற ஆழ்ந்த பள்ளத்தாக்கின் விளிம்பை ஒட்டி ஏறுகிறது. அடிவாரத்தில் பாக்குத் தோப்புகள் வானுற ஓங்கி நிற்கின்றன. சற்று மேலே உள்ள பர்லியாற்றின் அரசுத் தோட்டத்தில் மங்குஸ்தானும் துரியானும் சாதிக்காயும் கிராம்பும் விளைகின்றன. பலா பழுக்கும் பருவத்தில் அம்மணத்தை நுகர்ந்து யானைகள் இப்பக்கம் வருவதுண்டு. அப்பால் அடர்ந்த காடு. அதற்கும் மேலே பச்சைக் கம்பளம் விரித்தாற்போலத் தேயிலைத் தோட்டங்கள். பேருந்தில் செல்வோர் இவற்றைச் சன்னல் வழியே விரைந்து காண்பர். மிதிவண்டியில் செல்வோர்க்கோ ஒவ்வொரு மரத்தையும் பெயர் கேட்டுச் செல்லப் போதுமான நேரம் உண்டு!

ஒரு பொருளை மேலே ஏற்றுவதற்கு வேண்டிய ஆற்றல், அப்பொருளின் எடையையும் ஏறும் உயரத்தையும் பொறுத்தது. எவ்வழியாக ஏற்றினும் அவ்வளவு குறைவதில்லை. வண்டியும் ஓட்டுபவரும் சேர்ந்து 80 கிலோகிராம் எனக் கொள்வோம். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1,500 மீட்டர் ஏறுவதற்கு ஏறத்தாழப் பன்னிரண்டு இலட்சம் ஜூல் ஆற்றல் வேண்டும். நம் உடலோ, தான் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கையே மிதிகட்டைக்குத் தரவல்லது. எஞ்சிய மூன்று பங்கும் வெப்பமாகக் கழிகின்றது. ஆதலின் இவ்வேற்றத்திற்கு உடல் செலவிடுவது 1,100 கிலோ கலோரிக்கு மேலாகும். ஏறத்தாழ இருபது இட்டிலிகள் தரும் ஆற்றல் அது. வெறும் வயிற்றோடு மலையேறப் புறப்பட்டவர் பாதி வழியில் கண் இருண்டு அமர்வதன் காரணம் இப்போது விளங்கும்.

இக்கணக்கிலிருந்து தப்ப வழியில்லை. ஆயினும் மொத்தமாகச் செலுத்த வேண்டிய கடனைத் தவணைகளாகச் செலுத்துவது போல, உயரத்தையும் சிறிது சிறிதாகத் தீர்க்க இயலும். அதற்கு மனிதன் கண்ட உபாயங்கள் இரண்டு. ஒன்று சாலையின் வளைவு. மற்றொன்று வண்டியின் பற்சக்கரம்.

தோடர், கோத்தர், படகர், குறும்பர், இருளர் ஆகியோர் நடந்து பழகிய தடங்களே நீலகிரியின் பழைய வழிகள். கால்நடையாக ஏறுவோர்க்குச் செங்குத்தான தடமே சுருக்குவழி. கோயம்புத்தூர் ஆட்சியராயிருந்த ஜான் சல்லிவன் காலத்தில், 1820-களில், சிறுமுகைப் பக்கமிருந்து கோத்தகிரிக்கு ஒரு பாதை வெட்டப்பட்டது. குன்னூர் வழி 1830-களில் திறந்தது. அப்பழைய வழியும் செங்குத்தாகவே இருந்தமையால், பின்னர் நீண்ட வளைவுகளோடு சாய்வு குறைந்த புதிய பாதை அமைக்கப்பெற்றது. அப்பணியை மேற்பார்த்த லா என்னும் படை அதிகாரியின் பெயரை, குன்னூருக்கருகே உள்ள லாஸ் அருவி இன்றும் தாங்கி நிற்கிறது. இன்று கொண்டை ஊசி வளைவுகள் பதினான்கைக் கடந்து இச்சாலை குன்னூரை அடைகிறது. கல்லாற்றிலிருந்து கணக்கிட்டால், நூறு மீட்டர் சென்றால் ஏறத்தாழ ஐந்து மீட்டர் ஏறுகிறோம். வளைவுகளைக் கண்டு சலித்துக்கொள்வோர் உண்டு. அவ்வளைவுகள் இல்லையேல் வண்டியைத் தோளில் சுமந்தே ஏற வேண்டியிருக்கும்!

இனிப் பற்சக்கரத்தைக் காண்போம். நம் ஊர்களில் வழங்கும் சாதாரண மிதிவண்டியில், மிதிகட்டை ஒருமுறை சுற்றினால் வண்டி ஏறத்தாழ ஐந்து மீட்டர் முன்னேறும். நூற்றுக்குப் பத்து என்னும் செங்குத்தான ஏற்றத்தில் இது, ஒவ்வொரு சுற்றுக்கும் 80 கிலோகிராம் எடையை அரை மீட்டர் தூக்குவதற்கு ஒப்பாகும். எத்தகைய வலியோரும் இதனை நெடுநேரம் செய்ய இயலாது. முன்னே சிறிய பற்சக்கரமும் பின்னே பெரிய பற்சக்கரமும் பூட்டினால், ஒரு சுற்றுக்கு வண்டி இரண்டு மீட்டரே செல்லும். தூக்கும் உயரமும் இருபது சென்டிமீட்டராகக் குறையும். சுற்றுகள் மிகும், ஒவ்வொரு சுற்றின் சுமை குறையும். சங்கிலியைச் சக்கரம் விட்டுச் சக்கரம் மாற்றும் கியர் அமைப்பின் பயன் இவ்வளவே. எளிய இவ்வமைப்பைப் பிரான்சு நாட்டின் புகழ்பெற்ற 'டூர் டி பிரான்ஸ்' பந்தயத்தை நடத்தியோர் 1937 வரை அனுமதிக்கவில்லை என்பது வியப்பே. அதற்கு முன்பெல்லாம் வீரர்கள் மலையடிவாரத்தில் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் பூட்டி, மறுபுறத்திலிருந்த பெரிய பற்சக்கரத்தில் சங்கிலியை மாட்டினர்.

அப்பந்தயம் 1910-ஆம் ஆண்டில் முதன்முறையாகப் பிரெனீஸ் மலையின் துர்மாலே கணவாயைக் கடந்தது. முதலில் உச்சியை அடைந்த லபீஸ் என்னும் வீரரும் வழியில் இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டே நடந்தார். அக்கணவாயின் உயரம் 2,115 மீட்டர். நம் உதகமண்டலம் அதனினும் உயர்ந்தது. உதகைக்கு வடக்கே மசினகுடியிலிருந்து ஏறும் கல்லட்டிப் பாதையோ குன்னூர்ச் சாலையினும் கடுமையானது. முள்மரங்கள் நிறைந்த வறண்ட காட்டிலிருந்து முப்பத்தாறு கொண்டை ஊசி வளைவுகளில் ஏறித் தலைகுந்தாவை அடையும் அப்பாதையின் ஏற்றம், பல இடங்களில் நூற்றுக்குப் பத்தையும் தாண்டும். 2008-இல் தொடங்கிய 'டூர் ஆஃப் நீல்கிரிஸ்' என்னும் பலநாள் மிதிவண்டிப் பயணத்தில் கலந்துகொள்வோர்க்கு இக்கல்லட்டி ஏற்றமே பெருஞ்சோதனை. தேர்ந்த ஓட்டிகளும் அங்கே இறங்கித் தள்ளுவதுண்டு. தள்ளுவதில் இழுக்கு யாதுமில்லை; லபீஸ் அவ்வாண்டின் பந்தயத்தையே வென்றார்.

உயரம் ஏற ஏறக் காற்றின் அழுத்தம் குறைகிறது. உதகையில் ஒரு மூச்சில் நாம் பெறும் உயிர்வளி, கடற்கரையில் பெறுவதில் ஏறத்தாழ முக்காற் பங்கே. குளிரும் ஆயிரம் மீட்டருக்கு ஆறு, ஏழு பாகை என மிகுகின்றது.

ஏற்றம் உடலை வருத்தும். உயிருக்கு ஊறு நேர்வது பெரும்பாலும் இறக்கத்திலேதான். ஏறும்போது செலவிட்ட அப்பன்னிரண்டு இலட்சம் ஜூல் ஆற்றலும் இறங்கும்போது திரும்பி வருகின்றது. அதில் ஒரு பகுதியைக் காற்று ஏற்கும். எஞ்சியது வேகமாக மாறும். அவ்வேகத்தைத் தடுத்தால் பிரேக்கில் வெப்பமாக மாறும். அம்முழு ஆற்றலும் வெப்பமானால் நான்கு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. அதனை இரண்டு மெல்லிய ரிம்களும் நான்கு ரப்பர்க் கட்டைகளும் தாங்க வேண்டும் என்பதை எண்ணிப் பாருங்கள். அஞ்சி அஞ்சிப் பிரேக்கை விடாது பிடித்துக்கொண்டே இறங்குபவரின் ரிம் தொட்டால் சுடும். மிகுந்த சூட்டில் ட்யூப் வெடிப்பதும் உண்டு.

பேருந்து ஓட்டுநர் இறக்கத்தில் கீழ்க் கியரில் வண்டியைச் செலுத்துவார். எஞ்சினே வேகத்தை அடக்கும். மிதிவண்டியின் பின்சக்கரமோ மிதிகட்டைக்குக் கட்டுப்படாமல் தனித்துச் சுழலக் கூடியது. ஆகவே கியர் எதுவாயினும் இறக்கத்தில் அது உதவாது. பிரேக் ஒன்றே துணை. தேர்ந்தவர் நேர்ச்சாலையிலேயே, வளைவுக்கு முன்பாக, இரு பிரேக்குகளையும் ஒருசேர அழுத்தி வேகத்தைக் குறைப்பர். வளைவினுள் பெரும்பாலும் விட்டுவிடுவர். இடையிடையே ரிம் குளிர்வதற்குக் காற்றோட்டம் கிடைக்கிறது. மழையில் நனைந்த ரிம்மைப் பிரேக் எளிதில் பற்றாது. அந்நாளில் மும்மடங்கு நிதானம் வேண்டும். விரல்களையும் காத்தல் வேண்டும். ஏறும்போது வியர்வையில் நனைந்த உடல், இறங்கும்போது வீசும் காற்றில் நடுங்கும். விரல் மரத்தவர் பிரேக்கை அழுத்த இயலாமல் தடுமாறுவர். உச்சியில் ஒரு பழைய செய்தித்தாளை வாங்கிச் சட்டைக்குள் மார்பின்மேல் வைத்துக்கொண்டு இறங்குவது மிதிவண்டி ஓட்டிகளின் நெடுநாள் வழக்கம். மேலும், மலைப்பாதையில் ஏறும் வண்டிக்கே வழிவிட வேண்டும் என்பது நம் நாட்டுச் சாலைவிதி. ஏறுகின்றவர் நின்றுவிட்டால் மீண்டும் புறப்படுவது அரிதன்றோ?

இறக்கத்தின் இவ்வியல்பை நன்குணர்ந்து அமைக்கப்பெற்றதே அப்பள்ளத்தாக்கில் செல்லும் மலை ரயில். 1899-இல் குன்னூர் வரையிலும் 1908-இல் உதகை வரையிலும் அது திறக்கப்பட்டது. கல்லாற்றுக்கும் குன்னூருக்கும் இடையே, பன்னிரண்டு மீட்டருக்கு ஒரு மீட்டர் வரை ஏறும் அவ்வழியில், தண்டவாளங்களின் நடுவே பற்கள் பொருந்திய இரும்புச் சட்டம் ஓடுகிறது. எஞ்சினின் பற்சக்கரம் அதனைக் கவ்விக்கொள்கிறது. ஏறும்போது எஞ்சின் பின்னிருந்து பெட்டிகளைத் தள்ளும். இறங்கும்போது முன்னிருந்து அவற்றைத் தாங்கும். எவ்வாறாயினும் அது எப்பொழுதும் பள்ளத்தின் பக்கமே நிற்கிறது. அதுவும் போதாதென்று, ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் பிரேக் பிடிக்கத் தனியே ஓர் ஊழியர் நிற்கிறார்.