நனைந்த குசினி அலுமாரிக்கு மீண்டும் வர்ணம் பூசுதல்

2004 டிசம்பர் 26 கடலலைக்குப் பின் பாண்டிருப்பில் வீடு திரும்பிய பலரிடம் அதில் நனைந்த அலுமாரி இருந்திருக்கலாம். நனைந்த அலுமாரி முழுமரமாயின் பெரும்பாலும் மீட்டெடுக்கலாம். மரத்தூள் பலகை ஊதிப்போயிருந்தால் அதற்குச் செலவு செய்யாதீர்கள்.

முதலில் உப்பை அகற்றுங்கள். மரத்தில் தங்கிய உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும். மேலே பூசிய வர்ணம் உரியும். நல்ல தண்ணீரால் இரண்டு மூன்று தடவை கழுவுங்கள். எண்ணெய்ப் பிசுக்கைச் சவர்க்காரத் தூளால் தேய்த்தெடுங்கள். பின்பு நிழலில், காற்றுப்படும் இடத்தில் நன்றாகக் காயவிடுங்கள். கடும் வெயிலில் பலகை வெடிக்கும்.

பழைய வார்னிஷை முழுதாகச் சுரண்டத் தேவையில்லை. பளபளப்பு மங்கும்வரை அரத்தாளால் தேய்த்து, தூசியைத் துடைத்தால் போதும். தேய்க்கும்போது மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்ளுங்கள்.

அடிப்பூச்சு ஒரு தடவை, எனமல் மெல்லியதாக இரண்டு தடவை பூசுங்கள். ஒவ்வொரு பூச்சுக்கும் இடையே ஒரு நாள் விடுங்கள். பூசும் இடத்தில் அடுப்போ விளக்கோ எரியக்கூடாது.

அளந்து வாங்குங்கள். ஒரு லீற்றர் எனமல் ஒரு தடவைக்குச் சுமார் 100 சதுர அடி காணும். அலுமாரியின் வெளிப்புறம் 25 சதுர அடி என்றால், இரண்டு தடவைக்கும் அரை லீற்றர் போதும். மணம் முற்றாகப் போனபின்பே பாத்திரங்களை அடுக்குங்கள்.